ஆஃப்டர்மாத்: அறுத்த வயலில் முளைத்த சொல்

ஆஃப்டர்மாத் என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் பலருக்குக் கணக்குப் பாடம்தான் நினைவுக்கு வரும். அந்த ‘மாத்’துக்கும் கணக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் புல்லறுப்பு என்று பொருள். ஒரு முறை அறுத்த புல்வெளியில் மறுபடி தழைத்து வரும் புல்லைத்தான் 16ஆம் நூற்றாண்டில் ஆஃப்டர்மாத் என்றார்கள். அடுத்த நூற்றாண்டிலேயே, ஒரு நிகழ்ச்சிக்குப் பின் வந்து சேர்வது என்ற பொருளும் அதற்கு ஏறிவிட்டது.

நம் உழவர்களுக்கு இது பழகிய காட்சி. நெல் அறுத்த வயலில் ஈரம் காயாமல் இருந்தால், சில நாளில் அரிதாளிலிருந்து பச்சைக் குருத்து எட்டிப்பார்க்கும். மாடு மேயாமல் காத்தால் கதிரும் விடும். சின்னக் கதிர், மணியும் குறைவு. இதற்கு மறுதாம்பு என்று பெயர். வெட்டிய கரும்புக் கட்டையில் துளிர்ப்பதும் மறுதாம்புதான். ஆஃப்டர்மாத்தின் முதல் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுமா?

சரி, இன்றைய பொருளுக்கு? பின்விளைவு. விளைச்சல், விளைநிலம் எல்லாம் பிறந்த அதே ‘விளை’தான் இதிலும் இருக்கிறது. ஆங்கிலச் சொல் புல்வெளியிலிருந்து வந்தது, நம் சொல் வயலிலிருந்து வந்திருக்கிறது. இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் எல்லா விளைவையும் ஆஃப்டர்மாத் என்று சொல்லிவிட முடியாது. காரணம் எதுவானாலும் அதைத் தொடர்ந்து வருவது கான்சிக்வென்ஸ். அதற்கு விளைவு என்றாலே போதும். ரிப்பர்கஷன் என்பதற்கு நம் நாளிதழ்களின் ‘எதிரொலி’ நன்றாகவே பொருந்தும். ஆஃப்டர்மாத் பெரும்பாலும் போர், புயல், வெள்ளம் போன்ற பெருந்துயரங்கள் ஓய்ந்த பிறகு தொடரும் நிலையைக் குறிப்பது. அதனால் வாக்கியத்தில் வரும்போது ‘புயலின் பின்விளைவில்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். ‘புயலுக்குப் பிறகு’, ‘புயலை அடுத்து’ என்று எழுதினால் இயல்பாக இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. காற்று சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. அப்புறம் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்ததும், விழுந்த மரத்தை அப்புறப்படுத்திக் கன்று நட்டவர்கள் அது காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும்தான் ஆஃப்டர்மாத்.