‘கு’ உருபு கையில் இருக்கிறது

‘பணம்’ என்று சத்தம் வராமல் கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். அடுத்து ‘மணம்’. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். க, ங போன்றவை வாய்க்குள்ளேயே பிறந்து முடிந்துவிடும். காது கேளாத பிள்ளையிடம் ‘என் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்’ என்று பாடம் நடத்துவது எவ்வளவு பெரிய சுமை! ஆனாலும், 1880-ல் மிலன் நகரில் கூடிய மாநாடு பேச்சுவழிக் கல்வியே சிறந்தது என்று தீர்மானம் போட்ட பிறகு, உலகெங்கும் பல பள்ளிகளில் சைகைக்கு இடமில்லாமல் போனது.

சைகை மொழியை வெறும் அபிநயம் என்றே பலரும் நினைக்கிறார்கள். குளச்சல் கடற்கரையில் தினமும் நடக்கும் ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘அப்பா அம்மாவுக்கு மீன் கொடுத்தார்.’ இந்திய சைகை மொழியில் இதைச் சொல்பவர் அப்பாவுக்கான சைகையைக் காட்டி, தன் முன்னால் இடப்பக்கத்தை அவருக்கு ஒதுக்கலாம், அம்மாவுக்கு வலப்பக்கம். பிறகு மீன். கடைசியாக ‘கொடு’ என்ற சைகை அப்பாவின் பக்கமிருந்து அம்மாவின் பக்கம் நகரும். அதையே திருப்பி நகர்த்தினால் கொடுத்தவர் அம்மா. தமிழில் ‘கு’ உருபு செய்கிற வேலையைக் கையின் திசை செய்துவிடுகிறது. கேள்விக்கும் தனி ஒழுங்கு உண்டு. ‘நீ – போ – எங்கே’ என்று கேள்விச் சொல் கடைசியில் வரும். முகமும் சேர்ந்து கேட்கும்.

வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்துவது? ஆசிரியர் முதலில் சைகையில் சொல்கிறார். யார் யாருக்குக் கொடுத்தார் என்பது பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. அப்புறம் அதே வாக்கியத்தைப் பலகையில் எழுதி, ‘கு’வை வட்டமிட்டு, கை போய்ச் சேர்ந்த பக்கத்தைக் காட்டுகிறார். பொருள் ஏற்கெனவே தெரியும்; தமிழ் அதை எழுதும் முறை மட்டும்தான் புதிது. இதுதான் இருமொழிக் கல்வி.

மூளையும் இதை மொழியாகத்தான் நடத்துகிறது. அமெரிக்க சைகை மொழி பேசுவோரை ஆராய்ந்தபோது, மூளையின் இடப்பாதி பழுதானவர்களுக்குச் சைகையே குலைந்துபோனது தெரிந்தது. பேசுபவர்களுக்குப் பேச்சு குலைவதும் பெரும்பாலும் அந்தப் பாதி பழுதாகும்போதுதான்.

காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாததால், மொழி வேரூன்ற வேண்டிய முதல் சில ஆண்டுகள் மொழியே இல்லாமல் கழிகின்றன. ‘சைகை பழகினால் பேச்சு வராது’ என்ற பயம் வேறு. அதற்கு ஆதாரம் இல்லை. காதுக் கருவியோ, அறுவை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்டோ வைத்த பிள்ளையும் சைகை படிக்கலாம்.

களியக்காவிளை தாண்டினால் மலையாளம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்திய சைகை மொழி பொருந்துவதற்கு இது ஒன்றே போதும். ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறினாலும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் உள்ள ‘நிஷ்’ நிறுவனத்தில் காது கேளாதவர்களுக்கென்றே பட்டப்படிப்புகள் உண்டு. மார்த்தாண்டத்துப் பிள்ளை அங்கே சேர்ந்தால் வேறொரு மொழியைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.

2021-ல் வந்த இந்திய சைகை மொழி அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. பாடநூல்களைச் சைகைக்கு மாற்ற என்.சி.இ.ஆர்.டி. 2020-ல் ஒப்பந்தம் போட்டது. சரி, ஆனால் வீடியோ பிள்ளைக்குப் பதில் சொல்லாது. காது கேளாதவர்களையே சைகை மொழி ஆசிரியர்களாக்கும் பட்டயப் படிப்பு டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தில் இருக்கிறது. அப்படி ஓர் ஆசிரியரிடம், பள்ளி வயதுக்கு முன்பே, பிள்ளையோடு அம்மாவும் அப்பாவும் உட்கார்ந்து படிக்க நாகர்கோவிலிலேயே வழி வேண்டும்.