குஸ்கோவில் உங்கள் மாரத்தான் மெடல் செல்லாது

போன வாரம் காலை ஆறு மணிக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு. பெரு நாட்டின் மலை ஊரான குஸ்கோவில் அப்போது முந்தின நாள் இரவு ஏழரை.

“டாக்டர், தலை வெடிக்குது. ரெண்டு தடவை வாந்தி. பாராசிட்டமால் போட்டுட்டு நாளைக்கு ரெயின்போ மவுண்டன் போயிடலாமா? விடியக்காலை நாலு மணிக்கு வேன் வந்துடும், காசு கட்டியாச்சு.”

அன்று காலைதான் லிமாவிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறார். மதியமே சக்சாய்வமான் கோட்டைக்கு ஏறியாயிற்று. சாயங்காலம் பிஸ்கோ சவர் என்ற மது இரண்டு கிளாஸ். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோயைத் தடுக்க நான் எழுதிக் கொடுத்த டயாமாக்ஸ் மாத்திரை அட்டை பிரிக்காமல் பையிலேயே கிடக்கிறது. ஏன் போடவில்லை என்றேன். “நான்தான் ஃபிட்டா இருக்கேனே டாக்டர், ரெண்டு ஃபுல் மாரத்தான் ஓடியிருக்கேன்.”

இந்தப் பதிலை இந்த வருஷம் நாலாவது தடவையாகக் கேட்கிறேன். பொறுமை போய்விட்டது.

ஐயா, அம்மா, ஜிம்முக்குப் போகிறவர்களே! உடற்தகுதிக்கும் மலை நோய்க்கும் சம்பந்தமே இல்லை. தினமும் பத்தாயிரம் அடி நடந்தாலும் இல்லை, ஓய்வு நாடித்துடிப்பு 52 என்றாலும் இல்லை. யாருக்கு வரும் என்பது பெரும்பாலும் உடல்வாகு; மீதி, எவ்வளவு வேகமாக மேலே போனீர்கள், எந்த உயரத்தில் படுத்துத் தூங்கினீர்கள் என்பது. சொல்லப்போனால் ஃபிட்டான ஆள்தான் எனக்குப் பயம். தொந்தி உள்ளவர் நாலு படி ஏறி மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். இவர் உட்காருவதில்லை.

2009 ஏப்ரல் 1-ஆம் தேதி பொலிவியாவின் மலை நகரமான லா பாஸில் மாரடோனா பயிற்சியில், மெஸ்ஸியும் ஆடிய அர்ஜென்டினா கால்பந்து அணி பொலிவியாவிடம் 6-1 என்று தோற்றது. அது மலை நோய் இல்லை, வெறும் மூச்சுத்திணறல் என்று சக மருத்துவர்கள் திருத்துவார்கள். சரிதான். ஆனாலும் மெஸ்ஸிக்கே சலுகை காட்டாத ஊர் உங்களுக்குக் காட்டுமா?

“ஊட்டியில எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்பது அடுத்த வாதம். ஊட்டி 2,240 மீட்டர். வெள்ளியங்கிரி அதைவிடக் குறைவு. தொல்லை பொதுவாக 2,500-க்கு மேல்தான் ஆரம்பம். குஸ்கோ 3,400, லா பாஸ் 3,600-ஐ ஒட்டி. லா பாஸுக்கான விமான நிலையம் எல் ஆல்ட்டோவில், 4,000 மீட்டருக்கும் மேலே. ரெயின்போ மவுண்டன் 5,000-ஐத் தாண்டும்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் பயப்படும் மாச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகரம் 2,430 மீட்டர்தான். குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே! அதனால் பயணத் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். குஸ்கோவில் இறங்கியதும் டாக்ஸி பிடித்து நேராக ஒயாந்தைதம்போவுக்கு (2,800-க்குச் சற்றுக் கீழே) போய் இரண்டு இரவு தங்குங்கள். மாச்சு பிச்சுவை முடித்துவிட்டுக் கடைசியில் குஸ்கோ. லா பாஸ் என்றால் தெற்கே சோனா சூர் பக்கம் அறை எடுங்கள், சில நூறு மீட்டர் தாழ்வு. முதல் நாள் மலையேற்றம் வேண்டாம், மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

அங்கே கிடைக்கும் கோகா இலை டீ? குடியுங்கள், இதமாக இருக்கும். தலைவலி மருந்தென்று நம்பிக்கொண்டு மேலே ஏறாதீர்கள். ஒரே கப் குடித்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையில் கோகெய்ன் என்று காட்டலாம். ஆபீசில் அப்படிப் பரிசோதிப்பவர்கள் கவனம். நினைவாக இருக்கட்டும் என்று இலையைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவராதீர்கள், சட்டப்படி குற்றம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், கொரோனா கற்றுக்கொடுத்த விரல் கருவியை எடுத்துப்போய் 94 இல்லையே என்று அலறுகிறார்கள். அங்கே 88, 90 சாதாரணம். எண்ணை விடுங்கள், ஆளைப் பாருங்கள்.

டயாமாக்ஸை முந்தின நாளே ஆரம்பிக்க வேண்டும். வழக்கமாக 125 மில்லிகிராம், இரண்டு வேளை. சல்ஃபா அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரிடம் வாருங்கள். கடையில் கேட்டு வாங்காதீர்கள். விரல் நுனி ஊசி குத்துவதுபோல் இருக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேறு: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், பேச்சில் குழப்பம், நடையில் தள்ளாட்டம். இதில் ஒன்று தெரிந்தாலும் ஆக்சிஜன் கொடுத்து அந்த ராத்திரியே கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

அன்று அவர் மனைவியிடம் வீடியோவைப் போடச் சொன்னேன். ஓட்டல் வராந்தாவில் டைல்ஸ் கோட்டின்மேல், குதிகால் கட்டைவிரலைத் தொட, பத்து அடி நடக்க வைத்தோம். தள்ளாடவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வேனை ரத்து செய்ய வைத்து, அங்கேயே டயாமாக்ஸை ஆரம்பித்து, விடிந்ததும் ஒயாந்தைதம்போவுக்கு இறங்கச் சொன்னேன்.

மறுநாள் குறுஞ்செய்தி: “தலைவலி போயிடுச்சு டாக்டர். ஆனா இங்க சோடால கேஸே இல்ல, ஏமாத்துறாங்க.”

சோடாவில் கேஸ் இருக்கிறது. டயாமாக்ஸ் போட்டால் நாக்குக்கு அது தெரியாது.