அம்மைக்குத்தான் மறதியாச்சே, அவளுக்கு என்ன கவலை?

செங்கோட்டையில் எங்கள் தெருவில் ஓர் ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். காலையில் சாப்பிட்டது மதியம் நினைவில் இருக்காது. ஆனால் 2010-இல் நின்றுபோன புனலூர் மீட்டர்கேஜ் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதைப் பிசகாமல் சொல்வார். கொஞ்ச நாளாக அதையும் சொல்வதில்லை. சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார், விடியுமுன்னே எழுந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். மகனைக் கேட்டால், "அம்மைக்குத்தான் எல்லாம் மறந்து போச்சே, அவளுக்கு என்ன கவலை?" என்கிறார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மூளைதான் அப்படி வேலை செய்வதில்லை; மறதி நோய் வந்தவருக்கும் மனச்சோர்வு வரலாம். நடந்ததைப் பதிந்துவைப்பதில் மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குப் பெரிய பங்கு. அல்சைமர் என்ற மறதி நோயில் முதலில் அடிவாங்குவதும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தச் சம்பவம் கிளப்பிவிட்ட உணர்ச்சி நிலைப்பதற்கு அந்தப் பதிவு தேவையில்லை. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17 அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டினார்கள். 2014-இல் வெளியான ஆய்வு அது. சில நிமிடங்களில் படம் பெரும்பாலும் மறந்துவிட்டது, துக்கம் மறையவில்லை. படத்தை அதிகம் மறந்தவர்களிடம் அது இன்னும் நெடுநேரம் நின்றது. ஏன் அழுகை வருகிறது என்று சொல்லத் தெரியாத துக்கம் அது. போதாக்குறைக்கு, மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களைச் சுரக்கும் மூளைத்தண்டு செல்களையும் அல்சைமர் சீக்கிரமே அரிக்கத் தொடங்குகிறது.

இதற்கு நேர்மாறாக, மனச்சோர்வே மறதியை உண்டாக்குவதும் உண்டு. டாக்டர் கேள்வி கேட்டால் சோர்வில் இருப்பவர் பெரும்பாலும் "தெரியலை" என்று விட்டுவிடுவார். அல்சைமர்காரர் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். மறந்த சொல்லுக்கு ஒரு குறிப்புக் கொடுத்தால் முன்னவருக்குச் சட்டென்று வந்துவிடும். பின்னவருக்குக் குறிப்பு அவ்வளவாக உதவாது, சொல் உள்ளே பதியவே இல்லையே. இரண்டும் சேர்ந்தே இருப்பதுதான் தலைவலி. எங்கள் பக்கத்துக்காரர்கள் திருவனந்தபுரம் போனால் இன்னொரு சிக்கல்: கேள்வி மலையாளத்தில் வரும், பதில் தடுமாறும், ஞாபகச் சோதனையில் மதிப்பெண் குறையும். தமிழில் கேட்கச் சொல்லி வற்புறுத்துங்கள். தைராய்டு, பி12, காது கேட்கும் திறன் மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

மருந்துக்கு வருவோம். தூக்கத்துக்கு என்று எப்போதோ எழுதிக்கொடுத்த ஆமிட்ரிப்டிலின் பல வீட்டு மாத்திரை டப்பாவில் கிடக்கிறது. அது அசிட்டைல்கோலினைத் தடுக்கிற மருந்து. ஞாபகத்துக்குத் தேவையான அந்த ரசாயனம் அல்சைமரில் ஏற்கெனவே பற்றாக்குறை. டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். செர்ட்ராலின் மாதிரியான மனச்சோர்வு மருந்துகள் இந்த விஷயத்தில் தேவலை. ஆனாலும் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரும், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு.

சரி, மருந்து கேட்குமா? பிரிட்டனில் மனச்சோர்வும் இருந்த 326 அல்சைமர் நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. செர்ட்ராலினும், மிர்ட்டாசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தும் 13 வாரத்தில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. கவனிக்க வேண்டியது வேறு: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்வு குறைந்திருந்தது. அதனால்தான், சோர்வு மிகக் கடுமையாக இல்லாதபோது, பல மருத்துவர்கள் முதலில் மாத்திரையை நீட்டாமல் பிடித்த வேலை, பகல் வெளிச்சம், நடை, பேச்சுத்துணை என்று தொடங்குகிறார்கள். சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டாலோ, சாவைப் பற்றியே பேசினாலோ காத்திருக்கக் கூடாது.

ஆச்சிக்கு இப்போது மருமகள் தினமும் சின்ன வெங்காயம் உரிக்கக் கொடுக்கிறாள். உரித்து முடித்ததை மறந்துவிட்டு, "வெங்காயம் எங்கட்டி?" என்று மறுபடி கேட்கிறார். அவளும் இன்னொரு கை அள்ளிப் போடுகிறாள்.