நண்டுக்குத்தான் வைத்தார்களாம்

புரட்டாசி கடைசியில் ஒரு காலை. கால்நடை மருந்தகத்தின் கதவைத் திறப்பதற்குள்ளேயே வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பையனின் மடியில் உரச்சாக்கு, சாக்குக்குள் ஒரு செவலை நாட்டு நாய். வாயெல்லாம் நுரை. கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், கண்பாப்பா கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. தொடையில் கை வைத்தால் தோலுக்கடியில் சதை தனித்தனியாகத் துடித்தது.

“விடியக்காலம் எங்களோட வயலுக்கு வந்துச்சு டாக்டரம்மா. பக்கத்து வரப்புல எதையோ தின்னுச்சு. அப்புறம் நடக்கவே இல்ல.”

என்ன தின்றது என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நடவு முடிந்த பத்து நாளில் இப்படி வருவதெல்லாம் பெரும்பாலும் ஒன்றுதான்: சோற்றில் பிசைந்து நண்டு வளையில் வைக்கும் குருணை மருந்து. அட்ரோபின் ஊசி போட்டு, எச்சில் வடிவது நிற்கும்வரை மீண்டும் மீண்டும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நாய் பிழைத்துக்கொண்டது. அன்று அது அதிர்ஷ்டம். அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் சாக்கோடு திரும்பியிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வரப்பில் இறங்கிப் பார்த்தேன். இரண்டு மைனா, ஒரு காக்கை, வாய்க்கால் ஓரத்தில் ஒரு மடையான் கொக்கு செத்துக் கிடந்தன. வளை வாயில் ஒரு நண்டு மல்லாந்து கிடந்தது. பெண் நண்டு. அதன் வயிற்று மடலைக் குச்சியால் மெல்ல விலக்கியபோது உள்ளே மிளகைவிடச் சிறிதாகக் குஞ்சுகள். வயல் நண்டு முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போகும் உயிரல்ல. முட்டை பொரிந்து, காலும் கொடுக்கும் முளைத்த குட்டி நண்டுகளாகும் வரை, அதற்குப் பின்னும் சில நாள், வயிற்றிலேயே வைத்துச் சுமக்கும். அந்தக் குஞ்சுகளில் ஒன்றிரண்டு அப்போதும் கால் அசைத்துக்கொண்டிருந்தன. இருபது வருடமாக மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிறேன். ஒரு நண்டைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அன்றுதான்.

அந்த வயல்காரர் கெட்டவர் இல்லை. புரட்டாசி என்று வீட்டில் கவிச்சி சமைக்காதவர். “நண்டுக்குத்தாம்மா வெச்சேன், நாய் வரும்னு நெனக்கல” என்று கண் கலங்கினார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நண்டு இளம் நாற்றை அடியோடு கத்தரித்துவிடும். வரப்பில் வளை போட்டுக் கட்டிய தண்ணீரை இரவோடு இரவாக வடித்துவிடும். மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்துக் கிடந்து நட்டவனுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் சோற்றுக்கு ‘நண்டு மட்டும்’ என்று பெயர் எழுதி வைக்க முடியாதே.

கும்பகோணம் பக்கம், திருவிசநல்லூரை அடுத்து வயல்களுக்கு நடுவே திருந்துதேவன்குடி இருக்கிறது. நண்டாங்கோயில் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். நண்டு பூசித்த லிங்கம், அதில் நண்டு புகுந்த துளை. கடக ராசிக்காரர்கள் தேடி வருகிறார்கள். திருவானைக்காவில் சிலந்தி, திருவெறும்பூரில் எறும்பு, வேதாரண்யத்தில் விளக்கைத் தூண்டி மறுபிறவியில் மாவலியாகப் பிறந்த எலி. காவிரிக் கரை நெடுக நம் முன்னோர் கும்பிட்டதெல்லாம் காலில் மிதிபடுகிற உயிர்களின் கதையைத்தான். கோயிலில் நண்டைக் கும்பிட்டுவிட்டு வந்து வளையில் விஷம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்றே நம்புகிறேன்.

எலி மருந்து இன்னும் மோசம். கறுப்புத் தூளாக வரும் ஜிங்க் பாஸ்பைடு, வயிற்றில் இருக்கும் அமிலம் பட்டதும் பாஸ்பின் என்ற நச்சு வாயுவாக மாறும். அதற்கு முறிமருந்து கிடையாது. தின்ற நாயை வாந்தி எடுக்க வைத்தால் அந்த வாயு பக்கத்தில் நிற்கும் மனிதரையும் தாக்கும். அதனால்தான் அப்படிப்பட்ட நாய் வந்தால் முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்வேன். கட்டிகளாக விற்கும் புரோமடயலோன் வேறு வகை. ரத்தம் உறையவிடாமல் செய்து, நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே கசிய வைத்துக் கொல்லும். அந்த நாட்களில் எலி தள்ளாடிக்கொண்டு வெட்டவெளிக்கு வரும். அதைத்தான் கூகை தூக்குகிறது, சாரை விழுங்குகிறது, வீட்டுப் பூனை கவ்வி வருகிறது. எலியைப் பிடிக்க இலவசமாக வேலை பார்க்கும் மூன்று பேரையும் நாமே கொன்றுவிட்டு, அடுத்த போகத்துக்கு இன்னொரு கட்டி வாங்குகிறோம்.

எலியும் உயிர்தான், அது படும் வேதனையும் வேதனைதான் என்று நான் சொன்னால் விவசாயிகள் சிரிப்பதில்லை, யோசிக்கிறார்கள். சரி, என்ன செய்வது என்று கேட்கிறார்கள். வரப்பு ஒன்றரை அடிக்கு மேல் அகலம் வேண்டாம். அகலமான, புல் மண்டிய வரப்புதான் எலிக்கு வீடு. வயலுக்குள் ஆங்காங்கே ஒரு கம்பின் மேல் குறுக்குக் கம்பு கட்டி நட்டால் கூகையும் ஆந்தையும் இரவில் வந்து உட்காரும். கூகை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று கல்லெறிவதை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படியும் எலி மிஞ்சினால் தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி இருக்கிறது, நம் ஊர்ப் பெயரிலேயே. மூங்கிலும் கயிறும். ஒரு நொடியில் முடித்துவிடும், செத்த எலியை எது தின்றாலும் ஆபத்தில்லை. கொல்வது நல்லது என்று நான் சொல்லவில்லை. கொன்றே ஆகவேண்டிய இடத்திலும், நான்கு நாள் துடிக்க வைப்பதற்கும் ஒரு நொடிக்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

நண்டுக்கு, முற்றிய நாற்றாக நடுங்கள். நட்ட பிறகு சில நாள் தண்ணீரைத் தேக்காமல் சேறாக வைத்திருங்கள். வரப்போரம் வாய் மட்டும் தெரியக் கலயத்தைப் புதைத்து உள்ளே கொஞ்சம் தவிடு போட்டால் இரவில் நண்டு தானாக விழும். காலையில் கொண்டுபோய் ஆற்றிலோ குளத்திலோ விடலாம். நண்டு ரசத்துக்கு எடுத்துப் போகிறவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. விஷம் வைத்த வயலில் இது தெரியாமல் நண்டு பிடித்துச் சமைக்கும் குடும்பத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அறுவடைக்குப் பின் தாரா மேய்க்க வருகிறவர்கள் வேறு. போன வருடம் ஒருவர் சாக்கைக் கவிழ்த்தார், நாற்பதுக்கு மேல் வாத்துகள், கழுத்து துவண்டு. எதுவும் செய்ய முடியவில்லை. வயலில் மருந்து வைத்திருந்தால் அந்த ஊர்ப்பக்கம் வருகிற மேய்ப்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மயில் சாவதும் இதனால்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. ‘நண்டுக்கு வைத்தேன்’ என்பது அங்கே எடுபடுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிராணி விஷம் தின்றதாகச் சந்தேகம் வந்தால், உப்புத்தண்ணீர், புளிக்கரைசல், பால், நல்லெண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். துடித்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும். என்னிடம் வந்த சிலது விஷத்தால் சாகவில்லை, இதனால்தான் செத்தன. மருந்துப் பொட்டலமோ டப்பாவோ கிடைத்தால் கையோடு கொண்டு வாருங்கள். எந்த ஊசி என்பதை அந்த அட்டைதான் எனக்குச் சொல்லும். வண்டி இல்லையென்றால் 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வாந்தியை வெறுங்கையால் துடைக்க வேண்டாம்.

செத்துக் கிடப்பவற்றை வாய்க்காலில் எறியாதீர்கள். தண்ணீர் போகும் இடமெல்லாம் அதைத் தின்ன யாரோ காத்திருக்கிறார்கள். கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு, மிச்சச் சோற்றையும் சேர்த்து எடுத்து, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். அன்று அந்த வயல்காரரும் நானும் மண்வெட்டியோடு அதைத்தான் செய்தோம். நண்டை அவரே எடுத்து வைத்தார்.