கோப்பையில் சிவக்கும் புளிச்சை

வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்புக் கண். புளிச்சைப் பூ காலையில் விரிந்து அன்றே வாடிவிடும். பகல் சுருங்கினால்தான் இந்தச் செடி பூக்கும் என்பதால், காட்பாடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகைதான் இதற்குக் காலம். பூ உதிர்ந்ததும் அடியிலிருக்கும் புல்லிவட்டம் சதை பிடித்து, இரத்தச் சிவப்பாகி, விதைப்பையைப் பொத்திக்கொள்ளும். பழம் போலத் தெரியும் இந்தச் சிவப்புப் புல்லிதான் உலகமெங்கும் 'செம்பருத்தித் தேநீர்' ஆகிறது. வாசலில் பூக்கும் செம்பருத்தி இதன் உறவுக்காரச் செடிதான். ஆனால் இந்தத் தேநீர் இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்று பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை புளிச்சையை வைத்தே நடந்தவை.

1911-இல் தனி மாவட்டமாகும் வரை ஆந்திராவின் சித்தூரும் நம் பழைய வட ஆற்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். அதனால் கோங்கூராத் துவையல், அதாவது புளிச்சைக் கீரைத் துவையல், நம் வீடுகளுக்கு அந்நியமல்ல. கீரையை விரும்பிச் சாப்பிடும் நாம் புல்லியைச் செடியிலேயே காயவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. இரத்தக் குழாயை இறுக்கும் பொருளை உடலில் உருவாக்கும் ஒரு நொதியை இது தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. எனலாபிரில் என்னும் இரத்த அழுத்த மாத்திரை தடுப்பதும் அதே நொதியைத்தான். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அழுத்தம் சற்றே கூடியிருந்த 65 பேர் கலந்துகொண்டனர். ஆறு வாரம், நாளுக்கு மூன்று கோப்பை இந்தத் தேநீரைக் குடித்தவர்களுக்கு அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான். மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இது பெரிய இறக்கமில்லை. ஏற்கெனவே அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

அம்மா இதையும் கஷாயம் போலப் பாதியாகச் சுண்டக் காய்ச்சுவார். நீர் பழுப்பாகிவிடும், ஏனென்றால் நீண்ட கொதியில் ஆந்தோசயனின் சிதைகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த புல்லி போட்டு, ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். சூடு திசுவைத் தளர்த்த, நீரில் எளிதாகக் கரையும் நிறமி தானே இறங்கிவிடும். பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ இருக்கட்டும். இதன் புளிப்பு அலுமினியத்தைக் கரைக்கும். இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும்.

நம் போர்வெல் தண்ணீரில் போட்டால் நிறம் சில நேரம் மங்குவதும் இந்த நிறமியின் குணத்தால்தான். ஆந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரத்தில் நீலம் பாயும். உப்புத் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் புளிப்பைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. நம்பாதவர்கள் அரை டம்ளர் தேநீரில் சிட்டிகை சமையல் சோடா தூவிப் பாருங்கள். நுரை அடங்குவதற்குள் சிவப்பு கலங்கி ஊதாவாகும். இன்னும் சேர்த்தால் நீலப்பச்சை. எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு திரும்பும். என் பெண் இதை அலுக்காமல் செய்துபார்ப்பாள்.

சர்க்கரையைக் கொட்டினால் இதயத்துக்கென்று குடிப்பதில் அர்த்தமில்லை. புளிப்பு தாங்காதவர்கள் ஒரு துண்டு பட்டை சேர்க்கலாம். குடித்தபின் வாயைக் கொப்பளியுங்கள், அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும்.

பூத்து மூன்று வாரத்தில் பறித்து, விதைப்பையைத் தள்ளிவிட்டு, புல்லியை நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் நேராகப் பட்டால் நிறம் வெளுத்துவிடும். நன்றாக முற்றிய சில காய்களை மட்டும் செடியிலேயே விட்டுவையுங்கள். ஆடியில் விதைக்க வேண்டும்.