ஹோஃப்நுங்: 'நம்பிக்கை' என்றால் போதுமா?

வியன்னா ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் 1903இல் முடித்த ஓர் ஓவியத்தின் பெயர் 'டி ஹோஃப்நுங்'. ஜெர்மன் அகராதியைப் புரட்டினால் 'நம்பிக்கை' என்று இருக்கும். தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது படத்தில் பாதி விட்டுப்போகிறது.

ஆளுயரத்துக்கும் மேலான, ஒடுக்கமான படம் அது. நிறைமாதப் பெண் ஒருத்தி ஆடையில்லாமல் பக்கவாட்டில் நிற்கிறாள். செம்பட்டை முடியில் சின்னச் சின்னப் பூக்கள். கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பி நம்மை நேராகப் பார்க்கிறாள். பின்னால் ஒரு மண்டையோடு, விகாரமான முகங்கள், கரிய கடல்பூதம். அதற்கு முந்தைய ஆண்டுதான் கிளிம்ட்டின் கைக்குழந்தை ஓட்டோ இறந்திருந்தது. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கோத்த கைகளை விட்டுக் கண் நகராது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'ஹோஃபன்' என்றால் ஆசையோடு எதிர்பார்ப்பது. அதோடு 'உங்' சேர்ந்து பெயர்ச்சொல் ஆகிறது, நம் 'கை' விகுதியைப் போல. ஜெர்மனில் 'நல்ல ஹோஃப்நுங்கில் இருக்கிறாள்' என்றால் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். நாம் 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நாசூக்காகச் சொல்வதில்லையா, அதே மாதிரி. பிள்ளை பிழைக்குமா என்பதே நிச்சயமில்லாத காலத்தில் அந்தப் பேச்சுக்குள் பயமும் ஒளிந்திருக்கும். வியன்னாக்காரர் காதில் தலைப்பு இரண்டு பொருளிலும் ஒலித்திருக்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'சூல்' அழகான சொல், மேகத்துக்கும் பயிருக்கும்கூடப் பொருந்தும். ஆனால் எதிர்பார்க்கும் மனம் அதில் வெளிப்படையாக இல்லை. 'பேறு' பெற்றுவிட்டதைச் சொல்கிறது. இவளோ இன்னும் காத்திருக்கிறாள். 'நம்பிக்கை'யை இன்று உறுதி என்ற பொருளில்தான் அதிகம் புழங்குகிறோம். ஆனால் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பியம். நம்பு என்றால் அப்போது விருப்பம். ஹோஃபனுக்கு எவ்வளவு கிட்டே வருகிறது பாருங்கள்!

என் தேர்வு 'நன்னம்பிக்கை'. ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையால் ஏற்கெனவே நமக்குப் பழகிய சொல். ஜெர்மானியர் அந்த முனைக்கும் கர்ப்பிணிக்கும் சொல்வது அதே 'நல்ல ஹோஃப்நுங்'தான்.

முதல் படம் இப்போது ஒட்டாவாவில், கனடா தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 1907–08ஆம் ஆண்டுப் படத்தை 'ஹோஃப்நுங் 2' என்கிறார்கள். அதிலும் கர்ப்பிணி, அதிலும் மண்டையோடு. முதல் படத்தோடு சேர்த்துப் பார்த்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிளிம்ட் அதற்கு வைத்த பெயர் 'காட்சி'. அதனால் இரண்டாவதை 'நன்னம்பிக்கை' என்று எழுதினால், அது அவர் இட்ட பெயர் இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.