ஹவுஸ் பேண்ட்: எந்த வீட்டுக் குழு?

அமெரிக்க இசையைப் பற்றித் தமிழில் எழுதும்போது பலரும் இடறி விழும் சொல் ‘ஹவுஸ் பேண்ட்’. ‘வீட்டு இசைக்குழு’ என்று எழுதினால் கொலு வைத்த வீட்டில் நாலு மாமிகள் சேர்ந்து பாடுவதுதான் கண்முன் வரும். மூலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நம் தியேட்டர் வாசலில் ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை மாட்டுகிறார்களே, அந்த ஹவுஸ்தான் இது. அரங்கு, கிளப், கம்பெனி என்று தொழில் நடக்கும் இடம் எதையும் ஆங்கிலத்தில் ஹவுஸ் என்பார்கள். அந்த இடத்துக்கென்றே இருக்கும் வாத்தியக் கோஷ்டி ஹவுஸ் பேண்ட். பாட வருகிறவர்கள் வாராவாரம் மாறுவார்கள், கோஷ்டி மாறாது. நியூயார்க்கில் ஹார்லம் பகுதியின் 125ஆம் தெருவில் உள்ள அப்பல்லோ தியேட்டரில் அப்படி ஒரு குழு இருந்தது.

மேடையிலிருந்து இந்தச் சொல் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் போனது. அந்தக் கம்பெனிகளுக்கு ‘லேபிள்’ என்று பெயர். தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தின் பெயரே முதலாளிக்கும் ஆகிவந்துவிட்டது. மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் கம்பெனிக்கு புக்கர் டி. அண்ட் த எம்.ஜி.ஸ், டெட்ராய்ட்டின் மோட்டவுனுக்கு ஃபங்க் பிரதர்ஸ். (ஸ்டாக்ஸின் ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய சினிமா தியேட்டர். ஹவுஸ் என்பது அங்கே இரண்டு வகையிலும் பொருந்தும்.) பாடகர் யாராக இருந்தாலும் பின்னால் வாசிக்கும் கை ஒன்றே என்பதால், ஒரு கம்பெனியின் தட்டுகளுக்கெல்லாம் ஒரே வாசனை வந்தது. தட்டில் ஊசியை வைத்த பத்து விநாடியில், பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே, இது ஸ்டாக்ஸ், இது மோட்டவுன் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாசனையைத் தந்தவர்களின் பெயர் உறையில் இருக்காது. ஃபங்க் பிரதர்ஸ் பத்தாண்டுக்கு மேல் வாசித்த பிறகு, 1971இல்தான் மோட்டவுன் ஆல்பம் ஒன்று அவர்கள் பெயரை அச்சிட்டது.

‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்ற பெயரையும் இங்கேயே பார்த்துவிடலாம். கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை அமெரிக்க வணிகம் அதுவரை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள், என்று ஒதுக்கி வைத்திருந்தது. இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியலை வெளியிடும் பில்போர்டு பத்திரிகை, 1949இல் அந்தத் தட்டுகளின் பட்டியலுக்கு ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று தலைப்பை மாற்றியது. புதுப் பெயரைச் சூட்டியவர் அங்கே நிருபராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர். 1953இல் அவரே அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸில் பங்குதாரராகச் சேர்ந்தார். அட்லாண்டிக்கைப் பேசினால் கிங் கர்ட்டிஸைப் பேசாமல் முடியாது.

இயற்பெயர் கர்ட்டிஸ் அவுஸ்லி. 1934இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர், வாத்தியம் டெனார் சாக்ஸபோன். நியூயார்க் வந்து, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வாசித்தார். 1958இல் கோஸ்டர்ஸ் குழுவின் ‘யாக்கட்டி யாக்’ பாட்டில் கோழி கொக்கரிப்பதுபோல் வெட்டி வெட்டி ஒரு சாக்ஸபோன் வருமே, அது இவர்தான். ஸ்வரத்தை நீட்டாமல் நாக்கால் தட்டி நறுக்குகிற அந்தப் பாணியைப் பிறகு எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள். 1967இல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாட்டின் நடுவில் வரும் சாக்ஸபோன் தனியும் இவருடையதே. பாட்டு சட்டென்று வேறு சுருதிக்குத் தாவி, சில விநாடிகள் இவரைப் பேசவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்துவிடும்.

அவர் சொந்தமாக நடத்திய குழு ‘கிங்பின்ஸ்’. லாரி பட்டறையில் முன் அச்சுக்கு கிங்பின் மாற்றுகிறார்களே, அதே சொல். பேச்சுவழக்கில் கூட்டத்தின் தலைவனையும் குறிக்கும். கிங் கர்ட்டிஸுக்குச் சிலேடையாகவும் பொருந்திவிட்டது. கிட்டாரில் கார்னெல் டுப்ரி, பேஸில் ஜெர்ரி ஜெமாட், டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி. மூவருமே அட்லாண்டிக் ஒலிப்பதிவுகளில் ஓயாமல் வாசித்தவர்கள்.

ஒரு குழு எப்படிச் சேர்ந்து ஒலிக்கிறது என்று காதால் கேட்டுப் புரிந்துகொள்ள, 1967இல் வந்த ‘மெம்ஃபிஸ் சோல் ஸ்ட்யூ’ போதும். ஸ்ட்யூ என்றால் குழம்பு. பாட்டே கிடையாது. கர்ட்டிஸ் சமையல் குறிப்பு சொல்கிறார். அரை டீகப் பேஸ் என்கிறார், பேஸ் கிட்டார் மட்டும் கேட்கிறது. ஒரு பவுண்டு டிரம்ஸ் என்கிறார், தாளம் வந்து சேர்கிறது. பிறகு நாலு மேசைக்கரண்டி கிட்டார், ஒரு சிட்டிகை ஆர்கன், கடைசியில் ஊதுகருவிகள். கூட்டி முடித்த பிறகுதான் தன் சாக்ஸபோனை எடுக்கிறார். 1971 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் இதே உருப்படியை வாசித்தபோது, கிங்பின்ஸ் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உள்ளே அழைத்தார். பெயர் வராத தொழிலில் இருப்பவர்களுக்கு மேடையில் செய்த மரியாதை என்றுதான் எனக்குப் படுகிறது. அங்கே நடந்த மூன்று இரவுக் கச்சேரிகளிலும் அதே குழு அரீதாவுக்குப் பின்னால் நின்று வாசித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று, கர்ட்டிஸ் நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் ஏற்பட்ட தகராறில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். வயது 37. இறுதிச் சடங்கில் அரீதா பாடினார். அன்று அட்லாண்டிக் அலுவலகத்தை மூடிவிட்டார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகளில் பழகிய அடைமொழி ‘ஆஸ்தான’. ஏ.வி.எம்.மின் ஆஸ்தான இசையமைப்பாளர் ஆர். சுதர்சனம் என்று எழுதுவதுபோல, அட்லாண்டிக்கின் ஆஸ்தான இசைக்குழு என்று எழுதினால் யாருக்கும் புரியும். ஆனால் ஆஸ்தானம் என்பது வடமொழியில் அரசவை. ஆஸ்தான வித்வான் என்பது பொன்னாடையோடு வரும் பட்டம். ஃபங்க் பிரதர்ஸுக்குப் பொன்னாடை யாரும் போர்த்தவில்லை. காசு கொடுத்து வாங்கிய தட்டில் பெயர்கூட இல்லாதவர்களை அரசவையில் உட்கார வைப்பது கொஞ்சம் உறுத்துகிறது.

எனக்குப் பிடித்தது வானொலி தந்த சொல். அகில இந்திய வானொலியில் சம்பளத்துக்கு இருந்து, பாட வருகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்களை ‘நிலைய வித்வான்’ என்றார்கள். வேலையும் அதே வேலை, நிலைமையும் அதே நிலைமை. ஆகவே ‘நிலைய இசைக்குழு’. ‘நிறுவன இசைக்குழு’ என்றால் ஆண்டுவிழாவில் பாடும் ஊழியர்களோ என்று தோன்றும், வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ‘செஷன் மியூசிஷியன்’ என்பவர் வேறு. ஒரு பதிவுக்கென்று கூலி பேசி வந்து, வாசித்துவிட்டு, அடுத்த கம்பெனிக்குப் போகிறவர். அவரைப் ‘பதிவுக் கலைஞர்’ எனலாம். 1958இன் கர்ட்டிஸ் பதிவுக் கலைஞர். 1967க்குப் பிறகு அட்லாண்டிக்கில் இருந்த கர்ட்டிஸுக்குத்தான் நிலையக் குழுத் தலைவர் என்ற பெயர் பொருந்தும். அப்போதும் கிங்பின்ஸ் ஆட்கள் வெளிப் பதிவுகளுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.